சட்டத்தில் கையொப்பமிட்ட பேனாவைச் சேகரிப்பது எப்படி: அமெரிக்க அதிபர்களின் பேனாக்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

1964 ஜூலை 2 அன்று வெள்ளை மாளிகையின் கிழக்கு அறையில் குடிமை உரிமைகள் சட்டத்தில் கையொப்பமிட்ட அதிபர் லிண்டன் ஜான்சன், அந்த ஒரே கையொப்பத்துக்கு 75க்கும் மேற்பட்ட பேனாக்களைப் பயன்படுத்தினார். நடுப்பெயரின் முதலெழுத்தையும் சேர்த்து அவர் பெயரில் ஆங்கிலத்தில் 14 எழுத்துகளே உள்ளன. பங்கிட்டுப் பார்த்தால் ஓர் எழுத்துக்கு ஐந்து பேனாவுக்கு மேல் வருகிறது. தேதியையும் சேர்த்துக்கொண்டாலும், அவற்றுள் பெரும்பாலானவை ஒரு கீற்றுக்கோ ஒரு புள்ளிக்கோ மேல் எழுதியிருக்க முடியாது. அந்தக் கீற்றை எழுதிய பேனாவும், அதே பெட்டியிலிருந்து எடுக்கப்பட்டு எதையுமே எழுதாத பேனாவும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும்.

இத்தகைய பேனாவை வாங்க விரும்புபவர் முதலில் மனத்தில் இருத்த வேண்டியது இதுவே: பேனா தன்னைப் பற்றிச் சாட்சி சொல்லாது. அதனோடு வரும் அட்டை, கடிதம், புகைப்படம், அது யார் கையிலிருந்து யார் கைக்குச் சென்றது என்ற பதிவு ஆகியவைதான் சாட்சி சொல்லும். ஆகவே இந்த வழிகாட்டி பேனாவைவிடக் காகிதத்தைப் பற்றியே அதிகம் பேசுகிறது.

முதல் படி: எந்த வகைப் பேனா என்று பிரித்தறியுங்கள்

ஒரு சட்டத்துக்கு ஒரு பேனா என்பதே பழைய வழக்கம். 1863 ஜனவரி 1 அன்று அடிமை விடுதலைப் பிரகடனத்தில் ஆபிரகாம் லிங்கன் கையொப்பமிட்ட, மரக் கைப்பிடியும் எஃகு முள்ளும் கொண்ட எளிய பேனா, செனட்டர் சார்லஸ் சம்னரின் முயற்சியால் ஜார்ஜ் லிவர்மோர் என்பவரைச் சென்றடைந்து, இன்று மாசசூசெட்ஸ் வரலாற்றுக் கழகத்தில் இருக்கிறது. பல பேனாக்களால் ஒரு கையொப்பம் என்ற நடைமுறை வேரூன்றியது பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் காலத்தில் என்று பொதுவாகச் சொல்வார்கள். மசோதாவுக்காக உழைத்த உறுப்பினர்களுக்கும் இயக்கத் தலைவர்களுக்கும் நன்றியாக ஆளுக்கொரு பேனா கொடுக்க வேண்டுமானால், ஒவ்வொன்றும் உண்மையாகவே தாளைத் தொட்டிருக்க வேண்டும் என்பது அந்த நடைமுறையின் தர்க்கம்.

ஆனால் எல்லா அதிபர்களும் அந்தத் தர்க்கத்தைப் பின்பற்றவில்லை. ஜார்ஜ் டபிள்யூ. புஷ் பெரும்பாலும் ஒரே பேனாவால் கையொப்பமிட்டுவிட்டு, எழுதாத பேனாக்களை அன்பளிப்பாக வழங்குவதையே விரும்பினார். பராக் ஒபாமாவோ 2010 மார்ச் 23 அன்று மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தச் சட்டத்துக்கு 22 பேனாக்களைப் பயன்படுத்தினார். ஆகவே ஒரே அதிபர் மாளிகையிலிருந்து வெளிவந்த பேனாக்களிலும் குறைந்தது நான்கு வகைகள் உண்டு. முதலாவது, மூலப்படியில் கையொப்பமிடப் பயன்பட்டது. இரண்டாவது, விழாவில் வழங்கப்பட்டாலும் எழுதாத அன்பளிப்புப் பேனா. மூன்றாவது, கையொப்பம் முன்பே முடிந்துவிட, பின்னர் ஒரு விழாவுக்காக நகலில் மீண்டும் எழுதிக் காட்டப்பட்டது. மாநில ஆளுநர்களிடம் இது மிகவும் பரவலான பழக்கம். நான்காவது, அதிபரின் பெயரோ முத்திரையோ பொறித்து விருந்தினர்களுக்குக் கொடுக்கப்பட்டதும் நினைவுப் பொருள் கடைகளில் விற்கப்பட்டதும். விற்பனை விளம்பரங்களில் இந்த நான்கும் ஒரே பெயரில்தான் உலவுகின்றன. பொய் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாத மங்கலான சொற்களில்தான் பெரும்பாலான ஏமாற்றுகள் நடக்கின்றன. 'கையொப்ப விழாவிலிருந்து' என்ற விவரிப்பும் 'கையொப்பமிடப் பயன்பட்டது' என்ற விவரிப்பும் ஒன்றல்ல.

இன்னொன்றையும் நினைவில் வைப்பது நல்லது. 2011 மே மாதம், ஒபாமா பிரான்சில் இருந்தபோது, தேசப்பற்றுச் சட்டத்தின் நீட்டிப்பு வாஷிங்டனில், அதிபரின் கையெழுத்தை அப்படியே எழுதும் கையொப்ப இயந்திரத்தால் கையொப்பமிடப்பட்டது. அந்தச் சட்டத்துக்கு 'அதிபர் பிடித்த பேனா' என்று ஒன்று கிடையாது. யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

இரண்டாம் படி: சட்டத்தைத் தேர்ந்து அதன் அடையாளங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

பேனாவைத் தேடுவதற்கு முன் சட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். விற்பனைக்கு வந்ததையெல்லாம் வாங்கிக் குவிப்பவரைவிட, இரண்டு மூன்று சட்டங்களை ஆழமாகத் தெரிந்துகொண்டவர் ஏமாறுவது அரிது. தேர்ந்தெடுத்த சட்டத்துக்கு ஐந்து விவரங்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: கையொப்பமிட்ட நாள், இடம், மசோதா எண், சட்ட எண், விழாவில் இருந்தவர்கள்.

1964 குடிமை உரிமைகள் சட்டம் பிரதிநிதிகள் அவையில் எச்.ஆர். 7152 என்ற எண்ணுடைய மசோதாவாக இருந்து, பொதுச் சட்டம் 88-352 ஆயிற்று. அதன் பேனாக்களைப் பெற்றவர்களில் மார்ட்டின் லூதர் கிங், செனட்டர்கள் ஹியூபர்ட் ஹம்ப்ரி, எவரெட் டர்க்சன் ஆகியோர் அடங்குவர். 1965 வாக்குரிமைச் சட்டம் செனட்டில் எஸ். 1564, பொதுச் சட்டம் 89-110. அது ஆகஸ்ட் 6 அன்று வெள்ளை மாளிகையில் அல்லாமல், நாடாளுமன்றக் கட்டடத்தில் செனட் மன்றத்தை ஒட்டிய அதிபர் அறையில் கையொப்பமாயிற்று. 1861இல் அதே ஆகஸ்ட் 6ஆம் நாள், உள்நாட்டுப் போரில் எதிர்த்தரப்புப் படைப்பணியில் ஈடுபடுத்தப்பட்ட அடிமைகள் தொடர்பான சட்டத்தில் லிங்கன் கையொப்பமிட்ட அறை அது என்பதற்காகவே ஜான்சன் அதைத் தேர்ந்தெடுத்தார். முதியோர் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் 1965 ஜூலை 30 அன்று மிசூரி மாநிலத்தின் இண்டிபெண்டன்ஸ் நகரில், ட்ரூமன் நூலகத்தில், முன்னாள் அதிபர் ட்ரூமன் அருகிலிருக்கக் கையொப்பமாயிற்று, எச்.ஆர். 6675, பொதுச் சட்டம் 89-97. இடம் தெரிந்திருந்தால், அந்தச் சட்டத்தின் பேனாவை 'வெள்ளை மாளிகை விழாவில் பெற்றது' என்று விவரிக்கும் விற்பனையாளரிடம் அடுத்த கேள்வியை எழுப்ப நமக்குத் தெரியும்.

தமிழர்களுக்கு நேரடித் தொடர்புடைய ஒரு சட்டமும் இந்த வரிசையில் உண்டு. 1965 அக்டோபர் 3 அன்று சுதந்திரதேவி சிலையின் அடியில் ஜான்சன் கையொப்பமிட்ட குடிவரவுச் சட்டம் (எச்.ஆர். 2580, பொதுச் சட்டம் 89-236), பிறந்த நாட்டை வைத்து இடம் ஒதுக்கும் முறையை ஒழித்தது. 1946 ஜூலை 2 அன்று ட்ரூமன் கையொப்பமிட்ட லூஸ்-செல்லர் சட்டம் இந்தியர்களுக்கு ஆண்டுக்கு 100 இடங்களை மட்டுமே கொடுத்திருந்தது. புதிய சட்டமோ கிழக்கு அரைக்கோள நாடு ஒவ்வொன்றுக்கும் 20,000 வரை உச்சவரம்பு வைத்தது. தமிழ் மருத்துவர்களும் பொறியாளர்களும் அமெரிக்காவில் குடியேறிய பெரும் அலை இதற்குப் பின்னரே தொடங்கியது. நம்மவர் ஒருவர் ஒரே ஒரு பேனாவைத்தான் வாங்குவார் என்றால், என் பார்வையில் அது இந்தச் சட்டத்தின் பேனாவாகவே இருக்க வேண்டும்.

சட்டத்தின் புகழ் மட்டுமே விலையைத் தீர்மானிப்பதில்லை. எத்தனை பேனாக்கள் பயன்பட்டன, யார் பெற்றார்கள் என்பவையும் தீர்மானிக்கின்றன. 1996இல் கிளிண்டன், மசோதாவின் தனித்தனிப் பகுதிகளை மட்டும் நிராகரிக்கும் அதிகாரத்தை அதிபருக்கு அளித்த சட்டத்துக்கு நான்கு பேனாக்களைப் பயன்படுத்தி, அந்த அதிகாரத்தை வீணாகக் கேட்டுக்கொண்டிருந்த ஃபோர்டு, கார்ட்டர், ரீகன், மூத்த புஷ் ஆகிய நால்வருக்கும் அனுப்பினார். 1998இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தையே செல்லாதது ஆக்கிவிட்டது. செத்துப்போன சட்டத்தின் பேனா என்பதால் அதன் மதிப்புக் குறையும் என்று நான் நினைக்கவில்லை, கதை கூடியிருக்கிறது.

மூன்றாம் படி: பேனா அந்தக் காலத்துக்கு உரியதா என்று பாருங்கள்

இந்தச் சோதனையால் போலியைத் தள்ள முடியும். அசலை உறுதி செய்ய முடியாது. கென்னடியும் ஜான்சனும் பயன்படுத்தியவற்றில் பெயர் பெற்றவை எஸ்டர்புரூக் நிறுவனத்தின், மையில் தொட்டெழுதும் பேனாக்கள்: பின்புறம் குறுகிச் செல்லும் நீண்ட உடல், கழற்றி மாட்டக்கூடிய எஃகு முள், உடலில் அதிபரையும் வெள்ளை மாளிகையையும் குறிக்கும் அச்சு. 1858இல் நியூஜெர்சியின் கேம்டன் நகரில் தொடங்கிய அந்த நிறுவனம் 1967இல் பென்சில் நிறுவனமான வீனஸோடு இணைந்தது. பெயர் மட்டும் 2010களில் வேறு கைகளில் மீண்டும் உயிர்பெற்றது. ஆகவே புதிய எஸ்டர்புரூக் பேனா ஒன்றை 1965 என்று காட்டுவது நடக்கக்கூடிய மோசடியே. ரோட் தீவு மாநிலத்தில் 1846இல் தோன்றிய கிராஸ் நிறுவனம் அண்மைக்கால அதிபர்கள் பலருக்கும் பேனா கொடுத்திருக்கிறது. ஒபாமா பயன்படுத்தியவை அதன் கறுப்பு நிற டவுன்சென்ட் வகை. டிரம்ப் தடித்த முனையுள்ள ஷார்ப்பி பேனாவை விரும்பியது உலகறிந்தது.

பத்து மடங்கு பெரிதாக்கும் பூதக்கண்ணாடியால் முள்ளைப் பாருங்கள். காய்ந்த மை ஒட்டியிருந்தால் அந்தப் பேனா எப்போதோ மையில் தொட்டு எடுக்கப்பட்டது என்று மட்டும் பொருள். எப்போது, எதற்கு என்று எந்த மைச் சோதனையும் சொல்லாது என்பதால், அதற்காக ஆய்வகத்துக்குப் பணம் கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதேசமயம் மையே இல்லாத, பளபளக்கும் முள்ளோடு 'கையொப்பமிடப் பயன்பட்டது' என்று ஒரு தொட்டெழுதும் பேனா வந்தால், யாரோ துடைத்துவிட்டார்களா, முள் மாற்றப்பட்டதா, அல்லது எழுதவே இல்லையா என்று கேட்டாக வேண்டும்.

பேனாவின் உடலிலோ பெட்டியின் அடியிலோ மிகச் சிறிய எழுத்தில் எண் ஏதாவது தீட்டப்பட்டிருக்கிறதா என்றும் தேடுங்கள். அது அருங்காட்சியகத்தின் பதிவு எண்ணாக இருக்கலாம். அப்படியானால், அந்த நிறுவனம் தன் தொகுப்பிலிருந்து அதை முறைப்படி விடுவித்ததற்கான சான்று இல்லாமல் தொடவே கூடாது.

நான்காம் படி: பெட்டியையும் அட்டையையும் படியுங்கள்

ஜான்சன் காலத்துப் பேனாக்கள் பல, தேதி, மசோதா எண், சட்டத்தின் நீண்ட தலைப்பு ஆகியவற்றைத் தாங்கிய அட்டையோடு சிறு பெட்டியில் வந்தன. நீங்கள் எழுதி வைத்த ஐந்து விவரங்களோடு இதை ஒப்பிடுங்கள். பொதுச் சட்ட எண் என்பது கையொப்பத்துக்குப் பிறகே வழங்கப்படுவது. ஆகவே விழா நாளை ஒட்டித் தயாரான அட்டையில் மசோதா எண் இருப்பதே இயல்பு. சட்ட எண் மட்டும் இருந்தால் அந்த அட்டை போலி என்று ஆகிவிடாது. ஆனால் பிற்காலத்தில் குடும்பத்தினரோ விற்பனையாளரோ சட்டகமிட்டபோது சேர்த்ததா என்று விசாரிக்க அது போதுமான காரணம்.

காகிதத்தைச் சோதிக்க இரண்டு எளிய வழிகள் உண்டு. தட்டச்சு எழுத்து தாளில் பள்ளம் பதிக்கும். சாய்ந்த வெளிச்சத்தில் பின்புறம் தெரியும். லேசர் அச்சோ தாளின்மேல் படிந்து, பூதக்கண்ணாடியில் பொடித்துகளாகத் தெரியும். இரண்டாவது, புற ஊதா விளக்கு: காகிதத்துக்கு வெண்மை கூட்டும் வேதிப்பொருள்கள் பரவலானது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான். ஆகவே 1935 ஆகஸ்ட் 14 சமூகப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உரியது என்று சொல்லப்படும் அட்டை அந்த விளக்கில் பளிச்சென்று நீலமாக ஒளிர்ந்தால், அதை அந்தக் காலத்தது என்று ஏற்க முடியாது.

ஐந்தாம் படி: கைமாறிய வரலாற்றைக் கோருங்கள்

இந்தப் படிக்கு எவ்வளவு நேரம் செலவானாலும் தகும். பேனாவைப் பெற்றவர் யார், அவர் அந்த மசோதாவுக்கு என்ன செய்தார், அவர் கையிலிருந்து இன்றைய விற்பனையாளர் கைக்கு அது எந்தெந்த வழியாக வந்தது என்பதை இடைவெளி இல்லாமல் நிறுவ வேண்டும். வலுவான வரலாறு என்றால், வெள்ளை மாளிகைத் தாளில் பெறுநரின் பெயருக்கு வந்த கடிதம், அஞ்சல் முத்திரையோடு கூடிய உறை, பெறுநர் விழாவில் நிற்கும் புகைப்படம், அவருக்குப் பின் வாரிசுகள் எழுதிக் கொடுத்த கையொப்பமிட்ட உறுதிமொழி ஆகியவற்றுள் குறைந்தது இரண்டு இருக்கும். ஒரு கடிதம் மட்டும் இருந்தால், அந்தக் கடிதம் இந்தப் பேனாவைத்தான் குறிக்கிறதா என்று பாருங்கள். ஜான்சனிடமிருந்து பல சட்டங்களுக்குப் பல பேனாக்கள் பெற்ற செனட்டர்கள் உண்டு. அவர்கள் வீட்டு மேசை இழுப்பறையில் பெட்டிகளும் அட்டைகளும் இடம் மாறியிருந்தால், யாரும் பொய் சொல்லாமலேயே தவறான பேனா சரியான கடிதத்தோடு சேர்ந்துவிடும்.

விற்பனையாளர் தாமே அச்சிட்டுத் தரும் நம்பகச் சான்றிதழ் இந்த வரலாற்றுக்கு மாற்று ஆகாது. அது விற்பனையாளரின் கருத்து. எந்த ஆவணங்களின் அடிப்படையில் அந்தக் கருத்து என்று எழுதியிருந்தால் மட்டுமே பயன்படும். மூத்த விற்பனையாளர்கள் இதைத் தயங்காமல் எழுதித் தருவார்கள். பெறுநரின் குடும்பம் தனியுரிமை கோருகிறது என்ற விடையை மதிக்கலாம். ஆனால் அந்தத் தனியுரிமைக்கு முழு விலை கொடுக்க வேண்டியதில்லை.

ஆறாம் படி: ஆவணக் காப்பகங்களோடு ஒப்பிடுங்கள்

நல்வாய்ப்பாக இந்தத் துறையில் ஒப்பிட்டுப் பார்க்க உதவும் சான்று பொதுவில் கிடைக்கிறது. அதிபர் கையொப்பமிட்ட சட்டங்களின் மூலப்படிகள் வாஷிங்டனில் தேசிய ஆவணக் காப்பகத்தின் பொறுப்பில் உள்ளன; புகழ்பெற்ற சட்டங்களின் கையொப்பப் பக்கங்களை இணையத்திலேயே காணலாம். பல பேனாக்களால் எழுதிய கையொப்பத்தில் கோடு விட்டு விட்டு ஓடும். மை சில இடங்களில் அடர்ந்தும் சில இடங்களில் வெளிறியும் இருக்கும். உங்களுக்குக் காட்டப்படும் பேனாவின் முனைப் பருமன் அந்தக் கோடுகளோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். மெல்லிய எஃகு முள் எழுதிய கையொப்பத்துக்குத் தடித்த முனைப் பேனா உரிமை கொண்டாட முடியாது.

டெக்சாசின் ஆஸ்டின் நகரில் உள்ள ஜான்சன் நூலகம், அவருடைய அன்றாட நாட்குறிப்பையும் ஏராளமான புகைப்படங்களையும் இணையத்தில் வைத்திருக்கிறது. பெறுநர் அன்று அந்த அறையில் இருந்தாரா என்று அந்த நாட்குறிப்பில் தேடலாம். இல்லை என்றால் அஞ்சலில் பெற்றிருக்கலாம். அப்போது உறையும் கடிதமும் இன்றியமையாதவை ஆகின்றன. புகைப்படங்களில் மேசைமேல் உள்ள பேனாக்களின் வடிவம், மூடியின் நிறம், வரிசையாக நிற்கும் தாங்கி ஆகியவற்றைக் கவனியுங்கள். நான் பரிந்துரைப்பது, விலை பேசுவதற்கு முன்பே இந்தத் தேடலை முடித்துவிடுவது. பொருளைக் கையில் பார்த்த பிறகு நமக்கு அது அசலாக இருக்க வேண்டும் என்ற ஆசை வந்துவிடுகிறது.

ஏழாம் படி: வாங்குதல்

ஏலத்தில் வாங்கினால், கேட்ட விலைக்கு மேல் ஏல நிறுவனத்தின் கட்டணம், அனுப்பும் செலவு, காப்பீடு, சுங்கம் ஆகியவை சேரும்; இவற்றைக் கூட்டிய பிறகு வரும் தொகையையே உங்கள் உச்சவரம்பாக வைத்துக்கொள்ளுங்கள். போலி என்று பின்னர் நிறுவப்பட்டால் பணம் திரும்புமா, எத்தனை ஆண்டுகளுக்குள் என்பதை விதிமுறைகளில் படித்து, அந்தப் பக்கத்தைச் சேமித்து வையுங்கள். பட்டியலில் உள்ள விவரிப்பையும் அன்றே படியெடுத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் விற்பனை முடிந்ததும் சில விவரிப்புகள் காணாமற் போகின்றன. இந்தியாவுக்குக் கொண்டுவருவதானால், வரலாற்று மதிப்புள்ள சேகரிப்புப் பொருள்களுக்குச் சுங்க வகைப்பாட்டில் 9705 என்ற தனித் தலைப்பு இருப்பதையும், சாதாரணப் பேனாவாக அறிவிக்கப்பட்டால் மதிப்பு குறித்த கேள்விகள் எழக்கூடும் என்பதையும் அறிந்து, பொருள் புறப்படுவதற்கு முன்பே சுங்க முகவரிடம் ஆவணங்களைக் காட்டிவிடுங்கள். தொடக்கநிலைச் சேகரிப்பாளர்கள் குறைந்த செலவில் கண்ணைப் பழக்க விரும்பினால், மாநில ஆளுநர்களின் பேனாக்களிலிருந்து தொடங்கலாம்.

எட்டாம் படி: பாதுகாத்தல்

வீட்டுக்கு வந்த பேனாவைத் தூய்மைப்படுத்தாதீர்கள். முள்ளில் காய்ந்திருக்கும் மை அழுக்கு அல்ல, அது சான்று. மையை மீண்டும் தொட்டு எழுதிப் பார்ப்பது அந்தச் சான்றை நிரந்தரமாகக் கெடுத்துவிடும். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் உடலில் சாராயம் கலந்த துப்புரவுத் திரவம் பட்டால் மயிரிழை விரிசல்கள் விழக்கூடும். தூசியை மென்மையான உலர்ந்த தூரிகையால் அகற்றினால் போதும். கிராஸ் போன்ற உள்குழல் உள்ள பேனாவில் மை பல ஆண்டுகளில் கசிந்து உடலை அரிக்கலாம். அதைக் கழற்றுவதா வேண்டாமா என்பதில் சேகரிப்பாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. கழற்றுவதற்கு முன்னும் பின்னும் படம் எடுத்து, அதே உள்குழலைத் தனிப் பொதியில் பேனாவோடு சேர்த்தே வைப்பதை நான் ஏற்கிறேன்.

சென்னை, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் ஈரப்பதமே முதல் எதிரி. எஃகு முள் துருப்பிடிக்கும், அட்டையில் பூஞ்சை படரும். காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகளை இட்டு, சிறிய ஈரப்பத அளவி ஒன்றை உள்ளே வைத்து, அளவு 40 முதல் 50 சதவீதத்துக்குள் நிற்கிறதா என்று பாருங்கள். பைகளை அவ்வப்போது உலர்த்த வேண்டும். கடிதத்தையும் அட்டையையும் அமிலமற்ற உறையில், பேனாவிலிருந்து தனியாக வையுங்கள். சட்டகத்தில் மாட்ட விரும்பினால் கடிதத்தின் நல்ல நகலையும் புகைப்படத்தின் நகலையும் மாட்டுங்கள். மூலங்கள் இருட்டில் இருக்கட்டும். பழைய சட்டகத்தோடு வாங்கியிருந்தால் பின்பலகையைக் கழற்றும்போது கவனம் தேவை, ஏனென்றால் சட்டகம் செய்த கடையின் ஒட்டுச்சீட்டும் ஆண்டும் பலமுறை அங்குதான் இருக்கின்றன, அவையும் வரலாற்றின் பகுதியே.

ஒன்பதாம் படி: உங்கள் பதிவை எழுதுங்கள்

வாங்கிய நாள், விலை, விற்பனையாளர், உடன் வந்த தாள்களின் பட்டியல், நீங்கள் ஒப்பிட்டுப் பார்த்த காப்பக ஆவணங்கள், உறுதிப்படாமல் எஞ்சிய ஐயங்கள் ஆகிய அனைத்தையும் ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டு வையுங்கள். ஐயங்களை மறைக்காமல் எழுதுவது முக்கியம், ஏனெனில் நாளை ஒரு புதிய புகைப்படமோ நாட்குறிப்போ வெளிவந்தால், எந்தக் கேள்விக்கு விடை தேட வேண்டும் என்று அடுத்தவருக்குத் தெரியும். தாளின் ஒரு படியைப் பெட்டியிலும், மற்றொன்றை வீட்டின் மற்ற முக்கிய ஆவணங்களோடும் வையுங்கள். பெட்டியின் மூடியில் இது என்ன என்பதை ஒரு வரியில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டிவிட்டால், வீட்டில் எழுதுகோல் தேடுபவர் இதை எடுத்து மளிகைப் பட்டியல் எழுதுவதும் தவிர்க்கப்படும்.